அவள் நன்றாக எழுதிவிட்டாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "பார்த்தாயா, மறைத்துவிட்டாள்" என்று சொல்லக் கூடாது. ஒரு தையற்கடையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் கிடந்த செய்தித்தாள் பட்டையிலிருந்து வந்தது. விரல் அகலத்துக்குக் கிழித்த பட்டை. அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் போட்ட சின்னச் சின்ன வெட்டுகள். யாருடைய தோளை அளந்தது, யாருடைய கையை அளந்தது என்பதெல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று. ஆனால் அதைக் கையில் எடுத்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எழுத உட்கார்ந்துவிடுவது என் கெட்ட பழக்கம்.

இப்படித் தொடங்கினேன்:

[எண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன. அவள்]

அடித்துவிட்டேன். எண்கள் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. அவை தம் பாட்டுக்கு இருக்கின்றன. சிரித்ததெல்லாம் மனிதர்கள்தான். இன்னொரு தொடக்கம்:

[அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்தது தமிழ் வகுப்பு, பிடிக்காதது, சொல்லவே வேண்டாம், நீங்களே ஊகித்திருப்பீர்கள், ஏனென்றால் உங்களுக்கும்]

இதையும் விட்டுவிட்டேன். உங்களுக்கும் கணக்கு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கணக்கு பிடிக்காதவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். "எனக்கும் அப்படித்தாங்க, கணக்குன்னா காததூரம் ஓடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியான நேரத்துக்குப் பேருந்தைப் பிடித்துப் போய்விடுவார்கள். இந்தப் பெண் அவர்களில் ஒருத்தி அல்ல. முள் சுற்றும் கடிகாரத்தைப் பார்த்து அவளால் நேரம் சொல்ல முடியாது. அது சோம்பல் அல்ல, பயமும் அல்ல. கூடப் பிறந்த குறை. எழுத்தும் அவளுக்குக் கூடப் பிறந்ததுதான். எழுத்து அத்தனை நன்றாக வந்ததால், கணக்கு வராது என்பதை ஒருவரும் நம்பவில்லை. கதை அவ்வளவுதான்.

ஆகவே எனக்கொரு சங்கடம். இதை நான் எவ்வளவு நன்றாக எழுதுகிறேனோ, அவ்வளவுக்கு நீங்களும் அவளை நம்பாமல் போவீர்கள். மோசமாக எழுதினால் படிக்கவே மாட்டீர்கள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத்தான் நஷ்டம்.

2

வகுப்பில் அவளுக்குப் "புலவர்" என்று பெயர். வைத்தது கணக்கு டீச்சர். செல்லமாகத்தான் வைத்தார். பிறகு அந்தச் செல்லம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துபோயிற்று.

ஒரு காலை வேளை. கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கு. அவள் சுண்ணக்கட்டியோடு நிற்கிறாள்.

"நேத்து இதே கணக்கைப் போட்டியே, புலவரே?"

"போட்டேன் டீச்சர்."

"அப்ப இன்னைக்கு ஏன் வரல?"

"தெரியல டீச்சர். போயிடுச்சு."

"எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றால் அழுகை வந்துவிடும் என்பதால் சிரித்தாள். டீச்சருக்கு அது திமிராகப் பட்டது.

அதற்கு முந்திய நாள்தான் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவளுடைய கட்டுரையைப் படித்திருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிய கட்டுரை. தலைமையாசிரியையே மூக்கை உறிஞ்சினாராம். கணக்கு டீச்சர் இப்போது அதைத்தான் எடுத்தார்.

"ஒரு பூட்டுன வீட்டைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதி எல்லாரையும் அழவைக்கத் தெரியுது. சின்ன நம்பர்லேர்ந்து பெரிய நம்பர் போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்னு தெரியாதா? யார்கிட்ட கதை விடுற?"

இந்த டீச்சரைக் கெட்டவராக்க நான் படாத பாடு பட்டுப் பார்த்தேன். ஒரு பிரதியில் பிரம்பைக்கூடக் கையில் கொடுத்தேன். கதை ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி விட்டபிறகும் வீட்டுக்குப் போகாமல், காலி வகுப்பறையில் அவளை உட்காரவைத்துப் புளியங்கொட்டைகளைப் பரப்பி, "எண்ணு, மெதுவா எண்ணு, அவசரமே இல்ல" என்று சொன்னவரும் இவர்தான். அவள் எண்ணுவாள். நடுவில் எங்கோ நழுவும். மறுபடி முதலிலிருந்து. டீச்சரின் பொறுமை தீரும்வரை எண்ணுவாள். இத்தனை புத்திசாலிப் பெண் வேண்டுமென்றே தன்னை அலைக்கழிக்கிறாள் என்று அந்த அம்மாள் மனதார நம்பினார். அவள்மேல் நம்பிக்கை வைத்தவர்கள் எல்லோருமே இப்படித்தான் அவளை நம்பாமல் போனார்கள். எனக்கு இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

3

அப்பாவைக் காணோமே என்று கேட்பீர்கள். அவரை வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். வந்தாரென்றால், "எம் பொண்ணு எழுதினா கல்லும் கரையும்" என்று எதிரில் வருபவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார். கதை நகராது.

அம்மா தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கொக்கிகளில் தொங்கும் பாதி தைத்த உடுப்புகள். பெண்கள் வந்து நின்றால் அளவெடுப்பது பெரியவளான இவளின் வேலை. சின்னவள், அதாவது தங்கை, பொத்தான் தைப்பாள். ஒரு தடவை ஒரு நர்சம்மாவின் சீருடைக்கு இவள் எடுத்த அளவில் ஒரு கை முழங்கைக்கு மேலும் மற்றது கீழுமாக நின்றது. நர்சம்மா கடைவாசலில் நின்று கத்தினாள். அம்மா துணிக்கு ஈடு கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பினாள்.

அடுத்த முறை இவள் அளவெடுக்கும்போது அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். டேப்பின் மேல் மகளின் விரல் போயிற்று. பாதியில் நின்றது. திரும்ப வந்தது. மறுபடி நுனியிலிருந்து தொடங்கியது. உதடு முணுமுணுத்தது. மேலுதட்டில் வேர்த்திருந்தது. அளவு கொடுக்க நின்றவள், "என்ன, துணிக்கடல்ல நீந்துறியா?" என்று கேலி செய்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு பழைய செய்தித்தாளை நீளநீளமாகக் கிழித்தாள்.

"இனிமே உனக்கு டேப் வேணாம். இதை வச்சு அள. தோள் முடியிற இடத்துல ஒரு வெட்டு. கை முடியிற இடத்துல பக்கத்துப் பக்கமா ரெண்டு வெட்டு. நம்பரை நான் பார்த்துக்கறேன்."

"அம்மா, நான் வேணும்னே பண்ணலம்மா."

"நான் ஏதாவது சொன்னேனா? போய் பேப்பரைக் கிழி."

அவ்வளவுதான். வீட்டிலும் பள்ளியிலும் அவளை நம்பிய ஒரே ஆள் இந்த அம்மா.* அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. அம்மாக்கள் நம்புவதை எந்த அலுவலகத்திலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

* இந்த அம்மா மகள் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. "எனக்கு எங்க நேரம், கை சும்மா இருக்கா?" என்பாள். இதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நம்பியவர் ஒருவர், அவர் மட்டும்தான் படிக்காதவர் என்றால், அதை நான் மறைக்க முடியாது.

4

பள்ளியிறுதித் தேர்வில் கணக்கில் தேறாவிட்டால் மேலே படிக்க முடியாது. தமிழில் எவ்வளவு வாங்கினாலும் சரி, கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. அவளுக்கோ கல்லூரியில் இலக்கியம் படிக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. புதுச் செருப்புக்குக்கூட ஆசைப்படாதவள் அதற்கு மட்டும் ஆசைப்பட்டாள்.

கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கணக்குத் தேர்விலிருந்து விலக்கு தருகிறார்கள், அதற்கு ஒரு குழு இருக்கிறது என்று தமிழய்யாதான் விசாரித்துச் சொன்னார். அப்படியொரு குறைபாடு உண்டு, அதற்கு ஒரு பெயரும் உண்டு என்று கேட்ட அன்று அவள் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டாள். பெயர் இருக்கிறதென்றால் தன்னைப்போல வேறு யாரோ எங்கோ இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

குழுவைப் பார்க்கப் போகிற வழியில், பேருந்தில், அம்மா நெடுநேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அங்க உன்ன எழுதச் சொல்வாங்களாம். ஒனக்கு என்ன கஷ்டம்னு உன் வார்த்தையிலயே எழுதுன்னு கொடுப்பாங்களாம். தமிழய்யா சொன்னார்."

"எழுதறேன்."

"எழுதறேன்னா எப்படி? நல்லா எழுதிடாத."

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"மக்கு மாதிரி எழுது. ஒண்ணும் தெரியாத புள்ளை எப்படி எழுதும்? அப்படி எழுது. ஒரு நாள்தானே. அப்புறம் காலேஜ் போய் ஆசை தீர எழுதிக்க."

"நான் மக்கு இல்லம்மா."

"தெரியும்டி. அவங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் சொல்றேன்."

[இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஓட வேண்டும். மரமோ மின்கம்பமோ. எழுதிப் பார்த்தேன், அழகாக வந்துவிட்டது, எடுத்துவிட்டேன்.]

அம்மா சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. இறங்கும்வரை மனதுக்குள் மக்கு வாக்கியங்களைச் செய்து பார்த்துக்கொண்டே போனாள். எத்தனையோ பேருக்குத் தானாக வருவது அவளுக்கு எவ்வளவு முயன்றும் வரவில்லை.

6

நீளமான அறை. பச்சைத் துணி விரித்த மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர்: மருத்துவர் அம்மா, ஓர் அதிகாரி, ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் மருத்துவர் புள்ளி போட்ட அட்டைகளை இரண்டிரண்டாகக் காட்டினார். எதில் புள்ளி அதிகம்? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள், குத்துமதிப்பாகச் சொன்னாள். வாழ்க்கையில் ஒருநாளும் கைகொடுக்காத அதிர்ஷ்டம் அன்றைக்குப் பார்த்துக் கைகொடுத்தது. பாதிக்கு மேல் சரியாகிவிட்டது.

"தெளிவாச் சொல்ல முடியலையே," என்று மருத்துவர் தாளை நீட்டினார். "கணக்குப் போடும்போது உனக்கு என்ன ஆகுதுன்னு எழுதும்மா. நிதானமா எழுது."

அவள் எழுதினாள்:

[எனக்குக் கணக்கு வராது. ரொம்பக் கஷ்டமாக இருக்கும். தயவுசெய்து உதவி செய்யவும்.]

எழுதியதைப் பார்த்தாள். அம்மா கேட்டது இதுதான். ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இவ்வளவு காலம் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்ததை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்ன ஆகிறது என்று கேட்டிருக்கிறார். அவரிடம் போய் இந்தச் சப்பையான வரிகளைக் கொடுப்பதா? அவளால் முடியவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் எழுதினாள்:

"நான் இருக்கும் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், ஒரே கதவு. மற்றவர்கள் பள்ளி விட்டதும் நேராகத் தங்கள் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். நான் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். ஒரு நாள் சரியான கதவு திறந்துவிடும். அன்று எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள். மறுநாள் மறுபடி தெருமுனையில் நிற்பேன். நேற்றுப் போன வீடுதானே என்று கேட்கிறார்கள். ஆமாம், நேற்றுப் போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. எனக்குத் தட்டு வைத்திருந்தார்கள். ஆனால் எந்த வீடு?"

மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள் அதிகாரியின் கைக்கு மாறியது.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. நானே எழுதினது."

"அப்படியா? சரி, அந்த ஜன்னலைப் பத்தி ரெண்டு வரி எழுது பார்ப்போம்," என்றார் அதிகாரி.

எழுதினாள். படித்துவிட்டு அதிகாரி மூக்கின் மேல் விரலை வைத்தார். அந்த ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்காக வந்திருக்கிறோம் என்பதே மறந்து, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கணக்குப் பேராசிரியர் அடித்த வரிகளின்மேல் விரலை வைத்தார்.

"முதல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி எழுதியிருக்க. அப்புறம் அடிச்சிட்ட. நடிக்கலாம்னு வந்து மனசு மாறிட்டியா?"

"இல்ல சார். ரெண்டும் நிஜம்தான் சார்."

"ரெண்டும் எப்படிம்மா நிஜமாகும்?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னால் அதுவும் நன்றாக இருந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"குறைபாடுன்னா எழுதப் படிக்கத் திணறுவாங்க," என்றார் அதிகாரி. "இந்தப் பொண்ணு நம்ம மூணு பேரையும் சேர்த்து வச்சாலும் வராத மாதிரி எழுதுது. இதுக்கு விலக்கு கொடுத்தா நாளைக்கு மேல இருக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

மருத்துவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "நீ நல்லா வருவேம்மா. இவ்வளவு மூளை இருக்கு. கொஞ்சம் மனசு வச்சா கணக்கும் வந்துடும்." தடவிய கையாலேயே போய்க் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா எழுதிட்டியா?"

"ஆமாம்மா."

அம்மா பேருந்து நிறுத்தம்வரை மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள்.

5

உங்களுக்கு வேறு முடிவுகள் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தவள்தான் நான்.

ஒரு முடிவில் அவள் அம்மா சொன்னபடியே எழுதுகிறாள். விலக்கு கிடைக்கிறது. கல்லூரிக்குப் போகிறாள். முதல் நாள் முதல் தாளில் பெயர் எழுதும்போது, அன்று எழுதிய மக்கு வரிகள் நினைவுக்கு வந்து பேனா

[நின்றுவிட்டது? ஓடியது? என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பொய் சொல்லி வாங்கிய உண்மை அது. அவள் அதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பாள் என்று எனக்குத் தெரியாது.]

இன்னொன்றில் மருத்துவர் மட்டும், "எழுத்து வேற, கணக்கு வேற சார். ஒரு காலு ஊனமானவன் நல்லாப் பாடக் கூடாதா?" என்று கேட்கிறார். மற்ற இருவரும் விலக்குக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த முடிவை எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் படித்தால், அந்த மருத்துவர் பேசியது அவர் பேச்சே இல்லை, என் பேச்சு. கிழித்துப்போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் தேர்வு எழுதினாள். கணக்கில் தோற்றாள். திரும்ப எழுதினாள், திரும்பத் தோற்றாள். டீச்சர் புளியங்கொட்டைகளோடு கடைசிவரை முயன்றார். கடைசியில் ஒருநாள் கொட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அப்பா, "கல்லும் கரையும்" என்பதை நிறுத்திவிட்டார். அவள் அம்மாவின் கடையிலேயே தங்கிவிட்டாள், காகிதப் பட்டைகளோடு. கல்லூரி வாசலை அவள் முதன்முதலில் பார்த்தது, தங்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுதான். தங்கை உள்ளே போய்த் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். இவளும் கையசைத்துவிட்டு, திரும்பும் பேருந்தின் எண்ணைப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டு ஏறினாள்.

—

இதுவரைக்கும் எழுதியதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன். தொலைபேசியில் அழைத்தார். குரலிலேயே உற்சாகம்.

"பிரமாதம்ங்க. முக்கியமா அந்த நம்பர் விஷயம்."

"எந்த நம்பர்?"

"பகுதிக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கீங்களே. நாலுக்கு அப்புறம் ஆறு, அப்புறம் அஞ்சு. படிக்கிறவன் அங்க தடுக்கி விழுவான். கணக்கு வராத பொண்ணோட கதைல நம்பரே தடம் புரளுது. என்ன உத்தி!"

நான் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்தாலும் எனக்கு உடனே தெரிவதில்லை. ஒன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தால்தான் பிடிபடும். ஆமாம், மாறித்தான் இருந்தது.

"அது உத்தி இல்லீங்க."

"பின்னே?"

"தப்பு. எனக்கு வரிசை வராது. வழக்கமா என் தங்கச்சிதான் சரிபார்ப்பா. இந்தக் கதையை மட்டும் அவகிட்டக் காட்டல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சும்மா இருங்க. இவ்வளவு நுணுக்கமா எழுதறவங்க, நாலுக்கு அப்புறம் அஞ்சுன்னு தெரியாதவங்களா? என்கிட்டயே கதை விடறீங்க பாருங்க."

அவர் இன்னும் கொஞ்சம் பாராட்டிவிட்டு வைத்தார். நல்ல மனிதர். என் எழுத்தின்மேல் அவருக்கு அளவு கடந்த நம்பிக்கை.

பேசியதைக் கேட்டிருந்த தங்கை, எண்களை மாற்றவா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாற்றினால் என் குறை மறைந்துவிடும். மாற்றாவிட்டால் அதையும் திறமை என்பார்கள். எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்றபோது, உண்மையாகவே நடந்த தப்பு உள்ளபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

இந்தப் பகுதிக்கு நான் எண் போடவில்லை. என்ன வர வேண்டுமோ அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டது, அடித்த வரிகளோடு. பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கிறாள். மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளைக் கூப்பிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அது என்னவாக இருந்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "நன்றாக எழுதியிருக்கிறாய்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.